வரைபடத்தில் தடித்த கோடு

ஜனவரி 6, செவ்வாய்

இன்று செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு ஆள் சேர்க்கச் சொன்னார்கள். இரண்டிரண்டு பேராக. வகுப்பில் முப்பத்தொரு பேர். யார் மிஞ்சுவார் என்று யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. எனக்கும் இல்லை. பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"கோகிலவாணி, நீ தனியாவே பண்ணிடுறியா? உனக்கு ஓகேதானே?" என்று உமையாள் மேடம் கேட்டார்.

"சரிங்க மேடம்."

"ஏய், கோகிலா கூவிட்டாப்பா!" என்று பின்னாலிருந்து ஹர்ஷிதா சொன்னாள். சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நான் வாய் திறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், அதற்கான சிரிப்பு.

தலைப்பையும் மேடமே கொடுத்தார். போன வருடம் முதலாண்டு விடுதி மாணவிகளில் பத்தொன்பது பேர் பாதியில் படிப்பை விட்டுப் போனார்களாம். யார் போகப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தால் பிடித்து நிறுத்தலாம். விடுதி வாசல், மெஸ், நூலகம், ஆய்வகம், எல்லா இடத்திலும் அட்டையைத் தட்டித்தான் உள்ளே போகிறோம். இருவர் அட்டைகள் திரும்பத் திரும்ப அடுத்தடுத்துப் பதிவானால் அவர்கள் சேர்ந்து திரிகிறவர்கள். யாரோடும் சேராத அட்டை ஆபத்தில் இருக்கும் அட்டை. இதுதான் மேடத்தின் யோசனை.

நல்ல யோசனை என்றுதான் தோன்றுகிறது.

ஜனவரி 9, வெள்ளி

துணி துவைத்தேன். மூன்றாவது மாடிக் கொடியில் இடமில்லை. நாற்காலி முதுகில் காயப் போட்டிருக்கிறேன்.

காலைச் சாப்பாட்டுக்கு எட்டு ஐம்பதுக்குப் போவதுதான் வசதி. ஒன்பதுக்கு மூடிவிடுவார்கள் என்பதால் கூட்டம் இருக்காது. தட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் வடிகட்டிக்கு எதிரில் இருக்கும் மேசைக்குப் போவேன். அங்கே உட்கார்ந்தால் சுவர் மட்டும்தான் தெரியும். பின்பக்கக் கதவு வழியாகக் கை கழுவப் போய்விடலாம்.

தோசை ஊற்றும் தனபாக்கியம் அக்கா இன்று அலுத்துக்கொண்டார். "தெனம் ரெண்டு பேருக்காவ கல்ல எறக்காம நிக்கிறேன் நானு. கொஞ்சம் முன்னால வந்தா இன்னாவாம்?"

நான் ஒருத்திதானே, ஏன் இரண்டு பேர் என்றார்? இரண்டு ஆள் அளவுக்குச் சாப்பிடுகிறேன் என்று குத்திக் காட்டுகிறாரோ என்று ஒரு தோசையோடு எழுந்துவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறாராம், சிக்னல் கிடைத்தால் பேசுவாராம்.

"சாப்புட்டியா கண்ணு?"

"சாப்பிட்டேன்."

"பேச்சுத் தொணைக்கு ஒரு புள்ளயாவது சேந்துச்சா? ஆறு மாசமாச்சு, ஒரு பேரு கூட உன்ற வாயில வர மாட்டேங்குது."

"சேந்திருச்சுங்மா."

"அப்படியா! என்ன பேரு?"

மேசையில் கிடந்த பழைய வினாத்தாளின் மேல் மூலையில் யாருடையதோ ஒரு பெயர் எழுதியிருந்தது. "ஷீபா" என்றேன்.

அம்மாவின் குரல் அப்படியே மாறிவிட்டது. எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று வரிசையாகக் கேட்டாள். சொல்லச் சொல்ல ஷீபா எனக்கே பிடித்துப்போனாள்.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கலுக்குத் திருச்செங்கோடு போய்த் திரும்பிவிட்டேன். அம்மா எள்ளுருண்டையை இரண்டு டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஒன்று எனக்கு, ஒன்று ஷீபாவுக்கு.

என் டப்பா பாதி காலி. மற்றதைத் திறக்கவில்லை.

ஜனவரி 21, புதன்

தரவு வந்துவிட்டது. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை, நாலரை லட்சம் வரிகள். பெயர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் பதிலாக ஓர் எண். எந்த எண் யார் என்று கண்டுபிடிக்க முயல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.

"இதுல வெளையாடக் கூடாது, கோகிலா. ஒரு பொண்ணு எத்தன மணிக்கு எங்க இருக்கான்னு இது மொத்தமும் சொல்லிடும். புரியுதா?" என்றார் மேடம்.

"புரியுதுங்க மேடம்."

நாள் முழுவதும் சுத்தம் செய்யும் வேலை. ஒரே அட்டை ஒரே நொடியில் இரண்டு முறை பதிவானவை, வெளியே போனவர் உள்ளே வராமலே மறுபடி வெளியே போனவை. நூலக வாசல் கருவியின் கடிகாரம் பதினோரு நிமிடம் பின்தங்கியிருப்பதைக் கண்டுபிடித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஜனவரி 28, புதன்

வரைபடம் வந்துவிட்டது. ஒவ்வொரு மாணவியும் ஒரு புள்ளி. சேர்ந்து திரிகிறவர்களுக்கு நடுவில் கோடு. இரண்டு நிமிடத்துக்குள் அடுத்தடுத்து அட்டை தட்டியவர்கள் என்பதுதான் கணக்கு. ஆனால் எட்டு மணிக் கூட்டத்தில் யாருக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால் கூட்டம் அதிகமான நேரத்துக்கு மதிப்பைக் குறைத்தேன், கூட்டம் குறைந்த நேரத்துக்கு மதிப்பைக் கூட்டினேன். இது நானே யோசித்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். அங்கங்கே கொத்துக் கொத்தாக. பார்க்க அழகாக இருந்தது. ஓரத்தில் தனியாக ஒரு ஜோடி, 212 மற்றும் 89. வேறு யாரோடும் ஒரு கோடு கூட இல்லை. ஆனால் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருப்பதுதான் மொத்த வரைபடத்திலும் தடித்த கோடு.

கொடுத்துவைத்தவர்கள்.

ஜனவரி 29, வியாழன்

யார் என்று தேடக் கூடாது என்ற விதியை நான் மீறவில்லை. விடுமுறை நாட்களைத் தனியாக எடுத்தபோது கண்ணில் பட்டது. டிசம்பர் 25 காலை மெஸ்ஸில் ஒரே ஓர் அட்டைதான் தட்டப்பட்டிருக்கிறது.

அன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் மட்டும் இருந்தேன். மெஸ்ஸில் வேறு யாருமே இல்லாததால் தனபாக்கியம் அக்கா பூரியை அடுக்கி வைத்துக்கொண்டே போனார்.

அந்த அட்டையின் எண் 212.

ஜனவரி 30, வெள்ளி

நிரலில் எங்கோ பிழை இருக்கிறது. காலையிலிருந்து தேடுகிறேன்.

எனக்குத் தோழி யாரும் இல்லை. இது எனக்குத் தெரியும். அந்த நிரலுக்குத்தான் தெரியவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு அட்டை கொடுத்திருப்பார்களோ என்று பார்த்தேன். இல்லை. 89 நூலகத்துக்கு வேறு நேரத்தில் போகிறாள், ஆய்வகத்துக்கும் வேறு நாட்களில் போகிறாள். மெஸ்ஸில் மட்டும் தினமும் எனக்குப் பின்னால் ஒரு நிமிடத்திலோ ஒன்றரை நிமிடத்திலோ வருகிறாள். ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது வாரத்திலிருந்து.

நிரலில் பிழை இல்லை.

பிப்ரவரி 2, திங்கள்

மேடத்துக்கு வரைபடம் மிகவும் பிடித்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இந்த ஜோடியப் பாரேன்! ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்காங்க. இதுங்க ரெண்டும் படிப்ப விடவே விடாது. ரிவ்யூல இதத்தான் முதல் ஸ்லைடா வைக்கணும்."

நான் எழுதிய நிரலும் அப்படித்தான் சொல்கிறது. 212 பச்சை. 89 பச்சை. ஆபத்து இல்லை.

சொல்லியிருக்கலாம். "அது நான்தானுங்க மேடம்" என்பது மூன்றே வார்த்தை. "சரிங்க மேடம்" என்றேன்.

பிப்ரவரி 5, வியாழன்

அலுவலகத்தில் கையெழுத்து வாங்கப் போனபோது, படிப்பை நிறுத்துகிறவர்களுக்கான விண்ணப்பம் ஒன்றையும் வாங்கி வந்தேன். எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான்.

ஷாம்பூ தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

வகுப்பில் கருத்தரங்கு. என் முறை. ஆங்கிலத்தில் மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. முன்வரிசையில் ஹர்ஷிதா அடுத்த வார்த்தையை உதட்டசைத்துக் காட்டினாள். அதுதான் தாங்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அமைதியாக இருந்தார்கள். யாராவது சிரித்திருக்கலாம்.

பிப்ரவரி 13

பசியில்லை. மெஸ் போகவில்லை.

பிப்ரவரி 14

அறையில் ரொட்டி இருக்கிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

விண்ணப்பத்தை நிரப்பிப் பார்த்தேன். பெயர், பதிவெண், தந்தை தொழில், முதல் பட்டதாரியா என்ற கேள்விக்கு ஆம். எல்லாம் எழுதியாகிவிட்டது. 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒன்றரை வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள். அதை மட்டும் எழுதவில்லை.

அம்மா போனில் ஷீபாவைக் கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ரிவ்யூ முடிந்தது. எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும்.

வெளியிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருந்தது. திரையில் என் வரைபடம். நான் பேசத் தயங்குவேன் என்று மேடமே ஆரம்பித்துவைத்தார்.

"இந்த ரெண்டு பேரையும் பாருங்க சார். இவங்கள மாதிரி எல்லாருக்கும் ஒரு துணை இருந்துட்டா நமக்குக் கவலையே இல்ல. சிஸ்டம் ரெண்டு பேருக்கும் பச்சை காட்டுது."

என் பை நாற்காலிக் காலடியில் இருந்தது. அதற்குள் அந்த விண்ணப்பம் இருந்தது. பச்சை என்று திரையில் இருக்கிற 212-இன் விண்ணப்பம். அப்போதுதான் 89-ஐப் பற்றி நினைத்தேன். என்னைப் பற்றி இந்த அளவுக்குத் தவறாகச் சொல்லும் கோடு அவளைப் பற்றி மட்டும் எப்படிச் சரியாகச் சொல்லும்? அவள் பையில் என்ன இருக்கிறதோ. பச்சை என்று காட்டினால் அவளை யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

"அது தப்புங்க மேடம்" என்றேன்.

மேடம் திரையிலிருந்து திரும்பினார்.

"எது தப்பு?"

"அந்தக் கோடுங்க. அவங்க ரெண்டு பேரும் சிநேகிதிங்க இல்லீங்க. ரெண்டு பேரும் தனியா இருக்கறவங்க. கூட்டத்துக்குப் பயந்துட்டுக் கடைசி நேரத்துல வர்றாங்க. அந்த நேரத்துல வேற ஆளே இல்லாததால ஒண்ணா வந்த மாதிரித் தெரியுதுங்க. கூட்டம் கொறஞ்ச நேரத்துக்கு நான் மதிப்பக் கூட்டி வெச்சது தப்பாப் போச்சுங்க."

வெளியிலிருந்து வந்த சார் முன்னால் சாய்ந்தார். "இன்ட்ரஸ்டிங். ஆனா ஃப்ரெண்ட்ஸ் இல்லன்னு எப்படிம்மா உறுதியாச் சொல்றே?"

"212 நானுங்க சார்."

யாரும் சிரிக்கவில்லை. ஹர்ஷிதா குனிந்து தன் கைப்பேசியைத் திருப்பித் திருப்பி வைத்தாள். நான் உட்காரவில்லை. நின்றே இருந்தேன்.

பிறகு மேடம் வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். "ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொல்ல வரலீங்க மேடம்."

"சரி. மெஸ்ஸத் தவிர வேற ஒரு இடத்துலயாவது சேர்ந்து வந்தாத்தான் கோடுன்னு மாத்து. இந்தக் கோட்ட எடுத்துடு. அந்த இன்னொரு பொண்ணு யாருன்னு மட்டும் கம்ப்யூட்டர்ல தேடாத. உன் நம்பர நீ பாக்கலாம், அவ நம்பர அவதான் பாக்கணும்." போக ஆரம்பித்தவர் திரும்பி வந்தார். "காலைல சாப்டியா?"

"சாப்பிட்டேனுங்க."

மார்ச் 3, செவ்வாய்

ஜனவரி, பிப்ரவரிக் கோப்புகள் வந்தன. புதிய விதியைப் போட்டேன். கோடு போய்விட்டது. இரண்டு புள்ளிகளும் சிவப்பாகிவிட்டன.

எடுத்தது சரிதானா என்று பார்க்க, இரண்டு எண்களின் காலைப் பதிவுகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிப்ரவரி 13-லிருந்து 24 வரை நான் பெரும்பாலும் காலையில் மெஸ்ஸுக்குப் போகவில்லை. ஒன்பது காலைகள். நடுவில் மூன்று நாள் போயிருக்கிறேன். அந்த ஒன்பது காலைகளும் 89-க்கும் வெற்றாக இருந்தன. நான் போன நாட்களில் அவளும் வந்திருக்கிறாள், ஒரு நிமிடம் கழித்து.

விடுதி வாசல் பதிவைப் பார்த்தேன். அவள் ஊருக்குப் போகவில்லை. உள்ளேதான் இருந்திருக்கிறாள். சாப்பிடவில்லை.

இது தற்செயலா என்று சோதிக்க ஒரு முறை உண்டு, வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். போட்டுப் பார்த்தேன். தற்செயல் இல்லை.

25-ஆம் தேதி முதல் நான் மறுபடி போகிறேன். அவள் வரவில்லை.

மார்ச் 4, புதன்

எட்டே முக்காலுக்குப் போனேன். முதல்முறையாக வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். மெஸ் இவ்வளவு பெரியது என்று தெரியாது. நடுவில் ஒரு தடித்த தூண். அதற்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மேசை.

"இன்னா, இன்னிக்கி தெச மாறிக் குந்தினுகீற?" என்றார் தனபாக்கியம் அக்கா. "ஒன் பின்னாடி வர்ற பொண்ணு எங்க? ஒரு வாரமாக் காணோம்?"

"எந்தப் பொண்ணுங்க்கா?"

"எந்தப் பொண்ணாம்! அதாம்மா, தூணுக்கு அப்பால குந்துமே. நீ உள்ள வந்தா அதுவும் வரும். நீ வராத அன்னிக்கி வாசல் வரிக்கும் வந்து எட்டிப் பாத்துட்டு அப்டியே பூடும். ரெண்டு பேருக்கும் சண்டன்னுல்ல நெனச்சினுகீறேன் நானு."

தினம் இரண்டு பேருக்காகக் கல்லை இறக்காமல் நிற்கிறேன் என்று அன்றைக்கு அவர் சொன்னது, இரண்டு பேரைத்தான்.

ஒன்பது மணிவரை இருந்தேன். வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

இன்று உள்ளே போகாமல் வாசலில் நின்றேன். அறிவிப்புப் பலகையில் இருந்த எல்லாவற்றையும் படித்தேன். கேஸ் சிலிண்டர் பாதுகாப்பு, காணாமல்போன வெள்ளிக் கொலுசு, யோகா வகுப்பு.

எட்டு ஐம்பத்தாறுக்கு மாடிப்படியில் ஒரு பெண் இறங்கி வந்தாள். நீலத் துப்பட்டா, ஈரத் தலை. என்னைப் பார்த்ததும் கடைசிப் படியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். வார் சரியாகத்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் செய்வேன்.

அட்டையைத் தட்டினேன். இரண்டடி நடந்தேன். ஆறு மாதமாகச் செய்யாததைச் செய்தேன். திரும்பினேன்.

"சாப்பிட வர்றீங்களாங்க?"

அவள் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். "என்னையா?"

"உங்களத்தானுங்க."

"நீங்க போங்க. நான் பொறவு வாரேன்."

"எட்டு அம்பத்தெட்டுங்க. பொறவு மூடிருவாங்க."

சிரித்துவிட்டாள். கருவி அவள் அட்டைக்கும் ஒரு சத்தம் கொடுத்தது.

தூணுக்கு அந்தப் பக்க மேசையில் உட்கார்ந்தோம். பெயர் ஜெனிட்டா. இயற்பியல், முதலாண்டு. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். அப்பா மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பழுதுபார்ப்பவர். வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் இவள்தான். நான் கேட்காமலே அதைச் சொன்னாள்.

என்ன கேட்பது என்று தெரியாமல், "ஏனுங்க இத்தன நாளா வரல?" என்றேன்.

"நீங்க வரலல்லா. ஊருக்குப் போயிட்டிய போலன்னு நெனச்சேன். பொறவு படிப்பையே விட்டுட்டியன்னு நெனச்சேன்." இட்லியைச் சட்னியில் தொட்டபடியே வைத்திருந்தாள். "ஒத்தையா உள்ள வர ஒரு மாரி இருக்கும். நீங்க முன்னால போனா ஒங்க கூட வந்தவ மாரி நானும் உள்ள வந்துருவேன். பாக்கவங்களுக்கு நாம சேந்து வந்த மாரி இருக்கும்லா. தப்பா நெனைக்காதிய."

நான் தப்பாக நினைக்கவில்லை. அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

"இந்த மாசத்தோட போயிரலாம்னு இருக்கேன்" என்றாள். "ஆபீஸ்ல ஃபாரம் வாங்கி வச்சிருக்கேன்."

"என்கிட்டயும் ஒண்ணு இருக்குதுங்க."

நிமிர்ந்து பார்த்தாள். "எழுதிட்டியளா?"

"காரணம் மட்டும் எழுதல."

"நானும் அங்கனதான் நிக்கேன்."

தனபாக்கியம் அக்கா வந்து இருவர் தட்டிலும் கேட்காமல் ஒவ்வொரு தோசை வைத்தார். "சண்ட தீந்துச்சா? நாளைக்காவது எட்டு மணிக்கு வாங்கடி. எனக்கும் புள்ள குட்டி கீது."

மார்ச் 7, சனி

காலை 8:10. கூட்டம். வரிசையில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை, இருவருக்குமே கூட்டத்தில் பேச வராது. ஆனால் அவள் எனக்குப் பின்னால் நிற்கிறாள் என்பது முதுகுக்குத் தெரிந்தது.

மாலையில் அறைக்கு வந்தாள். ஷீபாவின் டப்பாவைத் திறந்தேன். எள்ளுருண்டை கொஞ்சம் எண்ணெய் வாடை அடித்தது. "கொஞ்சம் பழசுங்க" என்றேன். "சவம், கெடக்கட்டும்" என்று இரண்டு எடுத்துக்கொண்டாள். நாளை இருவரும் நூலகம் போகிறோம். அந்தக் கடிகாரம் பதினோரு நிமிடம் பின்தங்கியிருப்பதை அவளிடம் சொன்னேன். "பொறவு என்ன செஞ்சிய?" என்று கேட்டாள்.

விண்ணப்பம் இன்னும் பையில்தான் இருக்கிறது. காரணம் எழுதவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா போன் செய்தாள்.

"சாப்புட்டியா கண்ணு?"

"சாப்பிட்டேனுங்மா. நாலு இட்லி, ஒரு வடை."

இதுவரை என்ன சாப்பிட்டேன் என்று நானாகச் சொன்னதில்லை. அம்மா கேட்டாள். "ஷீபா நல்லாருக்குதா?"

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "அம்மா, ஷீபான்னு ஆருமில்லீங்மா. நீங்க கவலப்படுவீங்கன்னு சும்மா சொன்னேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அம்மா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப அந்த டப்பா எள்ளுருண்டைய ஆரு தின்னது?"

"ஜெனிட்டா" என்றேன்.